கொலஸ்ட்ரால் மாத்திரையும் தொடை வலியும்: மகன் அனுப்பிய பாட்டில் உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 62. நீடாமங்கலம் பக்கம் விவசாயம். போன வருஷம் ஆவணியில் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40, ஸ்டென்ட் அடைக்காமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். ஒரு தொந்தரவும் இல்லாமல்தான் இருந்தேன். ஒரு மாதமாக இரண்டு தொடையும் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது. குந்தி உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ முடிகிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை சதையைத் தின்றுவிடும் என்கிறார் ஊரில் ஒருவர். அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் சொன்னேன். ஊருக்கு வந்த நண்பரிடம் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறான். ஒன்று கோ-என்சைம் க்யூ10, இன்னொன்று ரெட் ஈஸ்ட் ரைஸ். முதலாவது வலிக்கு, இரண்டாவது மாத்திரைக்குப் பதிலாக, இயற்கையானது என்கிறான். இது நம் மாப்பிள்ளைச் சம்பா மாதிரி சிவப்பரிசிதானே? இரண்டையும் சாப்பிடலாமா? கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடவா, பாதியாகக் குறைக்கவா? மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கச் சொல்கிறார்கள், அதுவும் சரியா? சம்பா நடவு நேரம், வயலுக்குப் போகாமல் இருக்க முடியாது. தொடையிடுக்கில் படர்தாமரை வேறு. அதற்கு ஒன்றரை மாதமாக இட்ராகோனசோல் 200 கேப்சூல் சாப்பிடுகிறேன்.

பதில்: ஐயா, போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே படர்தாமரை கேப்சூல், அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. பாட்டில்களைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

பதினான்கு மாதமாக அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறீர்கள். பதின்மூன்று மாதம் ஒன்றும் செய்யாத மாத்திரை திடீரென்று ஏன் வலிக்க வைக்க வேண்டும்? அது சேர்ந்த ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரைகளால் வரும் தசை வலி பெரும்பாலும் ஆரம்பித்த சில வாரங்களில், அல்லது டோஸைக் கூட்டிய சில வாரங்களில் தலைகாட்டும். உங்களுக்கு யாரும் டோஸைக் கூட்டவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாமலே கூடியிருக்கிறது.

அட்டோர்வாஸ்டாட்டினைச் சிதைத்து வெளியேற்றும் ஒரு நொதி குடலிலும் கல்லீரலிலும் இருக்கிறது. இட்ராகோனசோல் அந்த நொதியின் வேலையை முடக்கிவிடும். வெளியேற வேண்டிய மருந்து ரத்தத்திலேயே தேங்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் அட்டோர்வாஸ்டாட்டினின் அளவு சுமார் மூன்று மடங்கு ஏறியது. அதனால்தான் இட்ராகோனசோல் சாப்பிடும் காலத்தில் அட்டோர்வாஸ்டாட்டின் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே போட்டிருக்கிறது. நீங்கள் சாப்பிடுவது 40. படர்தாமரைக்கு மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் தொடை வலி தொடங்கியிருக்கிறது. உங்களை நேரில் பரிசோதிக்காமல் இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. தோல் டாக்டரிடம் போகிறவர்கள் இதய மாத்திரைச் சீட்டைக் கொண்டுபோவதில்லை. இதய டாக்டரிடம் அரிப்பைப் பற்றிப் பேசக் கூச்சம். சேற்றிலும் ஈரத் துணியிலும் நாள் முழுக்க நிற்கிற டெல்டாவில் படர்தாமரை இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் களிம்பிலேயே போய்விடும். இப்போது ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கடையில் கேட்டு வாங்கித் தடவித் தடவி அது முரண்டு பிடிக்கிறது, மாதக்கணக்கில் கேப்சூல் தேவைப்படுகிறது. இன்னொரு பக்கம் ஸ்டென்ட் வைத்தவர்களும் பெருகிவிட்டார்கள். இந்த இரண்டு மருந்தும் ஒரே வயிற்றில் சந்திப்பது அபூர்வமில்லை.

சரி, என்ன செய்வது? நாளைக்குக் காலையிலேயே உங்கள் இதய டாக்டரையோ பக்கத்தில் இருக்கும் பொது மருத்துவரையோ பாருங்கள். வலி மட்டும் என்றால் ஒரு வாரம் பொறுக்கலாம் என்று சொல்லியிருப்பேன். கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்கிறீர்கள். அது பலவீனம், வலியை விட ஒரு படி மேலே. டாக்டர் அநேகமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்: படர்தாமரை மருந்து முடியும் வரை அட்டோர்வாஸ்டாட்டினை நிறுத்தி வைப்பார் அல்லது வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவார், இல்லையென்றால், இட்ராகோனசோலை நிறுத்திவிட்டு, இந்த நொதியோடு மோதாத டெர்பினாஃபின் போன்றதைத் தோல் டாக்டரிடம் கேட்டுத் தரச் சொல்வார். இதயத்தின் பம்பிங் குறைவு என்று எக்கோவில் சொல்லியிருந்தால் அதையும் தோல் டாக்டரிடம் சொல்லுங்கள். இதயம் தளர்ந்தவர்களுக்கு இட்ராகோனசோல் பொதுவாகவே ஆகாது.

சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, எழுந்து நிற்கவே முடியாமல் போனாலோ, சிறுநீர் அளவு குறைந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். அன்றைய கொலஸ்ட்ரால் மாத்திரையைப் போடாமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. மிகவும் அரிது, ஆனால் வந்தால் ஒரு ராத்திரி தாமதமும் கெடுதல். எந்த நிலையிலும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் தாண்டிவிட்டதே, குளோபிடோக்ரல் இன்னும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். கேட்பது வேறு, நிறுத்துவது வேறு.

தசை கெட்டால் ரத்தத்தில் ஏறும் சிபிகே என்ற தசை நொதியைப் பார்க்கச் சொல்வார்கள். நாள் முழுக்க வரப்பு வெட்டிவிட்டோ நாற்றுக்கட்டு சுமந்துவிட்டோ மறுநாள் ரத்தம் கொடுத்தால் வேலைக் களைப்பாலேயே அது ஏறி நிற்கும். எனவே அதற்கு முந்தைய இரண்டு நாள் வயல் வேலை வேண்டாம். கூடவே சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, வைட்டமின் டி, தைராய்டுக்கு டிஎஸ்எச். தைராய்டு குறைந்தவருக்குக் கொலஸ்ட்ராலும் ஏறும், சதையும் வலிக்கும். அதைக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் வலி போகாது. மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் பி12-ஐயும் பார்த்துவிடலாம். ஆனால் அது குறைந்தால் பாதத்தில் மதமதப்பும் எரிச்சலும்தான் வரும், தொடை வலி அல்ல. நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? அது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், அதற்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை கூடுதலாகத்தான் வேண்டும். அப்புறம், ஐப்பசி மழையில் தேங்கிய வயலில் நிற்கிறவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்து, கண்ணும் சிவந்தால், மாத்திரையை மறந்துவிட்டு எலிக்காய்ச்சலைத்தான் நினைக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் காய்ச்சல் பற்றி ஒன்றும் இல்லை. இருந்தால் உடனே சொல்லுங்கள்.

இனி பாட்டில்கள்.

கோ-என்சைம் க்யூ10 தசை வலிக்கு உதவும் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்றால், அதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையில் ஸ்டாட்டின் ஆரம்பத்திலேயே ஒரு படியை அடைக்கிறது. அந்தப் பாதையிலிருந்துதான் க்யூ10-உம் உருவாகிறது. தலைப்பு ஷட்டரை இறக்கினால் நமக்கு வேண்டாத வயலுக்கு மட்டுமா தண்ணீர் நிற்கும், அதே வாய்க்காலில் பாயும் மற்ற வயலுக்கும் குறையத்தானே செய்யும். தசைச் செல்கள் சக்தி உண்டாக்க க்யூ10 தேவை. ஆகவே குறைந்ததைப் பாட்டிலிலிருந்து ஊற்றிவிட்டால் வலி போய்விடும் என்று நினைத்தார்கள்.

ரத்தத்தில் க்யூ10 குறைவது உண்மைதான். ஆனால் க்யூ10-ஐ ரத்தத்தில் சுமந்து செல்வதே கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் துகள்தான், வண்டி குறைந்தால் சரக்கும் குறைவாகத்தான் தெரியும். தசைக்குள் எவ்வளவு குறைகிறது, அதுதான் வலிக்குக் காரணமா என்பது நிரூபணமாகவில்லை. கொடுத்துப் பார்த்த சோதனைகள் பல. எல்லாம் சிறியவை. 2015-ல் அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. 2018-ல் வேறு ஒரு குழு இன்னும் சிலவற்றைச் சேர்த்துத் தொகுத்தபோது வலி கொஞ்சம் குறைந்ததாக வந்தது. அதே 2018-ல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல், ஸ்டாட்டின் வலிக்கு க்யூ10-ஐ வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் ஒருவர் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டால், தூக்கி எறியுங்கள் என்றும் சொல்வதில்லை. பெரிய கெடுதல் செய்யும் பொருள் அல்ல. சிலருக்கு வயிற்றைப் பிரட்டும், தூக்கம் கெடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கலாம், அவர்கள் தொடக் கூடாது. செயற்கை வால்வு வைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

வைட்டமின் டி-யும் இப்படித்தான். ஸ்டாட்டின் தொடங்குகிறவர்களுக்கு வைட்டமின் டி கொடுத்தால் தசை வலி வராமல் தடுக்கலாமா என்று பெரிய சோதனை ஒன்றில் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது: தடுக்கவில்லை. ரத்தத்தில் குறைவாக இருந்தால் அதற்காகச் சாப்பிடலாம். வெயிலிலேயே நிற்கிற விவசாயிக்குக் குறையுமா என்றால், குறைகிறது, நானே ரிப்போர்ட்டுகளில் பார்க்கிறேன்.

சதையைத் தின்றுவிடும் என்று சொன்ன ஊர்க்காரருக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். லண்டனில் ஒரு சோதனை நடந்தது, 2020-ல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேர். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு பாட்டில்: நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின் 20, நான்கில் அதே தோற்றத்தில் ஒன்றும் இல்லாத போலி மாத்திரை, நான்கு காலி. மாதம் ஒரு பாட்டில். மாத்திரை இருக்கும் மாதத்தில் அது நிஜமா போலியா என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தொந்தரவுக்கு நூறுக்கு மதிப்பெண் போட வேண்டும். காலி பாட்டில் மாதங்களில் சராசரி 8. நிஜ மாத்திரைக்கு 16.3. போலி மாத்திரைக்கு 15.4! மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பே தொந்தரவில் பெரும்பகுதியைக் கொண்டுவந்திருக்கிறது. தங்கள் கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி மாத்திரைக்குத் திரும்பினார்கள். 2022-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்த ஆய்வும் இதையே சொன்னது. தசை வலி என்று சொன்னவர்கள், நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் 27.1 சதவீதம், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 சதவீதம்.

இதை வைத்து உங்கள் வலி மனப்பிரமை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போலி மாத்திரைக்காரருக்கும் வலித்தது நிஜமான வலிதான். உங்கள் விஷயத்தில் வலிக்கு ஒரு வெளிப்படையான காரணம் வேறு கையில் இருக்கிறது. க்யூ10 பாட்டில் மேல் எனக்குள்ள ஒரே வருத்தம் இதுதான்: இட்ராகோனசோலையும் அட்டோர்வாஸ்டாட்டினையும் அப்படியே தொடர்ந்துகொண்டு, மேலே இதையும் சாப்பிட்டுக்கொண்டு, இன்றைக்குக் குறையும் நாளைக்குக் குறையும் என்று நீங்கள் இரண்டு மாதம் காத்திருந்திருப்பீர்கள்.

இரண்டாவது பாட்டில் கதை வேறு. ரெட் ஈஸ்ட் ரைஸ் மாப்பிள்ளைச் சம்பா அல்ல. பூங்கார், காட்டுயானம் எதுவும் அல்ல. அவற்றின் சிவப்பு தவிட்டில் இயல்பாக இருக்கும் நிறம். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் விதை வாங்கிவந்து விளைவித்தால் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடுங்கள், சர்க்கரைக்காக அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் இருப்பது, வெள்ளை அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்து, அது சிவந்த பிறகு காயவைத்துப் பொடித்தது. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் மொனாகோலின் கே என்ற பொருள்தான் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. அதற்கு மருந்துக்கடைப் பெயர் லோவாஸ்டாட்டின். 1987-ல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற ஸ்டாட்டின் மாத்திரையே அதுதான். ஆக, ஸ்டாட்டின் வேண்டாம் என்று நீங்கள் போகும் இடத்தில் இருப்பதும் ஸ்டாட்டின்.

ஒரு வித்தியாசம், மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும். இதில் தெரியாது. 2010-ல் அமெரிக்காவில் விற்ற பன்னிரண்டு தயாரிப்புகளை வாங்கிச் சோதித்தபோது ஒரு கேப்சூலில் மொனாகோலின் கே 0.10 மில்லிகிராமிலிருந்து 10.09 மில்லிகிராம் வரை இருந்தது. நான்கில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற பூஞ்சை நச்சும் இருந்தது. உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் கூடுகிறது. லோவாஸ்டாட்டினும் அட்டோர்வாஸ்டாட்டின் போகிற அதே நொதி வழியாகத்தான் வெளியேறுகிறது, இன்னும் அதிகமாக அதை நம்பியிருக்கிறது. இட்ராகோனசோலோடு லோவாஸ்டாட்டினைச் சேர்க்கவே கூடாது என்பது தடை, அளவைக் குறைத்துச் சாப்பிடலாம் என்ற சலுகைகூடக் கிடையாது. இந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம் ஐயா.

உங்கள் மகன் அக்கறையில் வாங்கியிருக்கிறார், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அங்கே பல்பொருள் அங்காடியில் வைட்டமின் வரிசையிலேயே இது நிற்கும். நம் ஊரில் விற்கும் சத்து மாத்திரைப் பெட்டிகளிலும் பாருங்கள், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அப்படி அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதைப் படிக்கிறவர்தான் இல்லை.

மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று நம்மூரில் காலங்காலமாகச் சொல்கிறார்கள், சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஸ்டாட்டினுக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாம் என்று காட்டும் பெரிய சோதனை இல்லை. தசை வலிக்கு அதனால் பயன் என்பதும் கிடையாது. இப்போது ஏற்கெனவே இரண்டு மருந்து மோதிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக எதையும் உள்ளே விட வேண்டாம், வலிக்குக் காரணம் எது என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும். ரசத்தில் தட்டிப் போடும் பூண்டும் குழம்பு மஞ்சளும் உணவு, பயமில்லை. அதையே கேப்சூலாக்கி விற்பதைச் சாப்பிடாதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு பூண்டு கேப்சூல் சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடலாம். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் கெட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. கொல்லையில் பம்பளிமாஸ் மரம் இருந்தால், அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடும் காலத்தில் அதைத் தினமும் சாறு பிழிந்து குடிக்க வேண்டாம். அதன் இனமான கிரேப்ஃப்ரூட் அதே நொதியை முடக்குவது நன்றாகத் தெரிந்த விஷயம், பம்பளிமாஸிலும் அந்த வேதிப்பொருள்கள் உண்டு. எப்போதாவது நான்கு சுளை தின்றால் ஒன்றும் ஆகாது.

நிறுத்தவா, குறைக்கவா என்று கேட்டீர்கள். ஸ்டென்ட் அடைப்பை ஒரு இடத்தில் விரித்து வைத்திருக்கிறது, மற்ற இடங்களில் படிவதைத் தடுப்பது இந்த மாத்திரைதான். எல்டிஎல் ஒவ்வொரு 39 புள்ளி குறைவதற்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. உங்களைப் போன்றவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே இருக்க வேண்டும். டாக்டர் சொல்லிச் சில வாரம் நிறுத்தி வைப்பதால் ஆபத்து ஏறிவிடாது. நானாக நிறுத்திவிட்டேன், அப்புறம் மறந்தே போச்சு என்று ஒரு வருடம் கழித்து வருகிறவர்களைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பயம்.

இட்ராகோனசோல் போன பிறகும், நான்கு வாரம் பொறுத்தும் வலி நிற்கவில்லை, மற்ற பரிசோதனைகளும் சரியாக இருக்கின்றன, மாத்திரைதான் காரணம் என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி அடைபடவில்லை. ரோசுவாஸ்டாட்டின் பெரும்பாலும் இந்த நொதியை நம்பி இல்லை. 5 மில்லிகிராமில் தொடங்கலாம். உடலில் நெடுநேரம் நிற்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தும் பலன் எடுக்கிறோம். ஸ்டாட்டினைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு எசெட்டிமைப் 10 சேர்க்கலாம். அது குடலில் கொலஸ்ட்ரால் ஏறுவதைத் தடுக்கும், விலையும் எட்டாததல்ல. எந்த ஸ்டாட்டினும் ஒத்துவரவில்லை என்றால் பெம்பெடோயிக் அமிலம் என்ற மாத்திரை வந்திருக்கிறது. அதை வேலை செய்ய வைக்கும் நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை, அதனால் சதையைத் தொந்தரவு செய்வது குறைவு. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாத சுமார் 14,000 பேரிடம் பார்த்து, மாரடைப்பு போன்றவை 13 சதவீதம் குறைந்ததாக 2023-ல் அறிவித்தார்கள். யூரிக் அமிலத்தை ஏற்றும், கால் பெருவிரலில் யூரிக் அமில வாதம் வந்தவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கும் மேலே ஊசிகள் இருக்கின்றன, அவற்றின் விலை இப்போதைக்கு நம் பேச்சுக்குள் வர வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு, எல்லாம் மாற்றிப் பார்த்தும் மிச்சமாகக் கொஞ்சம் வலி இருந்து, க்யூ10-ஐச் சாப்பிட்டுத்தான் பார்க்கிறேனே என்றால், டாக்டரிடம் சொல்லிவிட்டு, 100 மில்லிகிராம், மதியச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். கொழுப்பில் கரைவது, வெறும் வயிற்றில் சேராது. அந்தச் சமயத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அடுத்த பாட்டிலுக்கு மகனைக் கேட்காதீர்கள்.

நடவுக்கு ஆளை விட்டுவிடுங்கள். சிபிகே முடிவு வரும் வரை சேற்றில் இறங்க வேண்டாம், வரப்பில் நின்று பார்த்துக்கொண்டால் போதும். சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் முதல் வாரமே மண்வெட்டியைத் தூக்காதீர்கள். ஈரக் கைலியை வயலிலிருந்து வந்ததும் மாற்றிவிடுங்கள். வீட்டில் இன்னும் யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து மருத்துவம் பாருங்கள், இல்லையென்றால் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும், அந்த கேப்சூலும் திரும்ப வரும்.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா அட்டைகளையும், களிம்பையும், அந்த இரண்டு பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சீட்டில் எழுதியிருப்பதைவிடப் பையில் இருப்பதுதான் நிஜம். ரெட் ஈஸ்ட் ரைஸ் பாட்டிலை அங்கேயே கொடுத்துவிட்டு வரலாம். வீணாகிறதே என்று, கொலஸ்ட்ரால் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று உங்களுக்கும் தெரியாது.